‘ரைட்டு ரைட்டு’ன்னா நேரா வான்னு அர்த்தம் இல்ல: கோத்தகிரி லாரிக்காரன் இங்கிலீஷ் கத்துக்கிட்ட அனுபவம்

போன மாசம் கோத்தகிரி லாரி ஸ்டாண்டுல ஒரு தம்பி வந்து, அண்ணா நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போறேன், மூணு மாசம் ஆச்சு, அடுத்த வருஷம் கனடா ட்ரை பண்றேன்னு சொன்னான். சந்தோஷம்டா, என்ன சொல்லிக் குடுக்கறாங்கன்னு கேட்டேன். சிம்பிள் பிரசென்ட், பாஸ்ட் கன்டினியூயஸ், அப்புறம் செல்ஃப் இன்ட்ரொடக்ஷன்னு சொன்னான். அவன் சாஞ்சு நின்னுட்டு இருந்தது அவன் ஓட்டற டாரஸ் லாரிலதான். சரி, உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கறத ஒவ்வொண்ணா தொட்டு பேரு சொல்லு பாக்கலாம்னேன். டயர், பட்டன், டிரம், பட்டை, ஜாயிண்ட், ஹௌசிங், ஸ்டெப்னின்னு கடகடன்னு சொல்லிட்டான். எல்லாமே இங்கிலீஷ்தானேண்ணான்னு வேற கேட்டான். அதுல பட்டன், பட்டை, ஸ்டெப்னின்னு சொன்னா அங்க இருக்கற எக்ஸாமினருக்கு புரியாது.

எனக்கு அன்னிக்கு மனசே சரியில்ல. ஏன்னா இதே வார்த்தைங்களாலதான் நான் 2019ல கனடா லைசென்ஸ் டெஸ்ட்ல ஃபெயில் ஆனேன். அதனாலதான் இத எழுதறேன், நம்ம மலையில இருந்து வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போகணும்னு நினைக்கற பசங்க யாராவது படிச்சா உபயோகப்படும்.

நான் டான்டீ, அதாவது அரசு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல பொறந்து வளந்தவன், அப்பா அம்மா ரெண்டு பேரும் சிலோன்ல இருந்து திரும்பி வந்து தோட்டத்துல வேலை பாத்தவங்க. பத்தாவதோட படிப்ப விட்டுட்டு கிளீனரா ஏறுனேன். அப்புறம் 18 வருஷம் டிரைவர், கேரட்டு மூட்டை ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு, டீத்தூள் ஏத்திட்டு கொச்சிக்கு, சில சமயம் கல்லட்டி வழியா மைசூரு பக்கம். எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்த அண்ணன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு, பிரேக்க நம்பி எறங்காத, என்ஜின நம்பி எறங்குன்னு. கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவு, அதுல லோடோட எறங்குனவனுக்கு எந்த நாட்டு மலையும் பயமில்லைன்னுதான் நினைச்சிட்டுப் போனேன். பயம் மலையில வரல, பேச்சுலதான் வந்துச்சு.

நான் போனது கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா. அங்க போய் பெரிய டிரெய்லர் ஓட்டறதுக்கு கிளாஸ் ஒன் லைசென்ஸ் வாங்கணும், நம்ம ஊரு ஹெவி லைசென்ஸ் இருந்தாலும் டெஸ்ட் குடுத்துத்தான் ஆகணும். அதுல ரோட்டுல ஓட்டிக் காட்டறதுக்கு முன்னாடி பிரீ-ட்ரிப்னு ஒண்ணு இருக்கு. ட்ரெய்னிங்ல முதல் நாள், சொல்லிக் குடுக்கறவரு வந்து, டிட் யூ டூ யுவர் பிரீ-ட்ரிப்னு கேட்டாரு. முந்தின ட்ரிப்ப பத்தி கேக்கறாருன்னு நினைச்சுக்கிட்டு, நோ சார், திஸ் ஈஸ் மை ஃபர்ஸ்ட் ட்ரிப்னு சொன்னேன். பிரீ-ட்ரிப்னா வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சுத்தி வந்து ஒவ்வொண்ணா பாக்கறது. நாமளும் காலையில ஏர் பாப்போம், ஆயில் பாப்போம், டயர தட்டிப் பாப்போம், ஆனா அதுக்கு நம்மகிட்ட பேரு கிடையாது. அங்க அதுக்கு பேரு இருக்கு, வரிசை இருக்கு, எழுதி வெக்கணும், எழுதலைன்னா அது தப்பு.

டெஸ்ட் அன்னிக்கு எக்ஸாமினர் அம்மா ஒருத்தங்க, என்னை விட வயசுல மூத்தவங்க, தன்மையாத்தான் பேசுனாங்க. ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டி பேரு சொல்லி, என்ன பாக்கற, எப்படி இருந்தா ஓட்டக் கூடாதுன்னு சொல்லணும். முன் டயர்ல கைய வெச்சு, பட்டன் குட் மேடம்னு சொன்னேன். அவங்க டயர பாத்தாங்க, என்ன பாத்தாங்க, எந்த பட்டன்னு கேட்டாங்க. நான் திரும்ப பட்டன் பட்டன்னு விரல வெச்சு காடிய தடவிக் காட்டறேன். அவங்க ஏதோ எழுதிக்கிட்டாங்க. அது ட்ரெட். டயர் மேல இருக்கற பூ மாதிரி வெட்டுக்கு பேரு ட்ரெட், அது எவ்வளவு ஆழம் இருக்குங்கறது ட்ரெட் டெப்த். அடுத்தது பட்டை, அதுக்கு லீஃப் ஸ்பிரிங்னு சொல்லியிருக்கணும். செல்ஃபுனு சொன்னேன், அது ஸ்டார்ட்டர். சைலன்சர்னு சொன்னேன், அது எக்ஸாஸ்ட், மஃப்ளர். பானட்டுக்கு ஹூட். கிங் பின்ன காட்டுன்னாங்க, நான் நேரா முன் சக்கரத்துக்கிட்ட போய் குனிஞ்சேன், ஏன்னா நமக்கு கிங் பின்னுன்னா ஸ்டியரிங்ல வர்றது. அவங்க கேட்டது டிரெய்லருக்கு அடியில தொங்கற முளை. அந்த முளை போய் உக்கார்ற தட்டுக்கு பேரு ஃபிஃப்த் வீல். அஞ்சாவது சக்கரம்னா ஸ்டெப்னின்னு நான் நினைச்சது இயற்கைதான், அதுவரைக்கும் டாரஸ் ஓட்டுனவனே தவிர டிரெய்லர் தொட்டவன் இல்ல.

ஃபெயில். 18 வருஷம் ஒரு பிரேக் ஃபெயிலியர் ஆக்சிடெண்ட் இல்லாம காட் ரோட்டுல ஓட்டுனவன், ஒரு வண்டிய சுத்தி வந்து பேரு சொல்லத் தெரியாம ஃபெயில். அன்னிக்கு ரூமுக்கு வந்து சாப்பிடவே இல்ல. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. தெரியாத இங்கிலீஷ் வார்த்தை வந்தா நாம உஷாராயிடறோம், என்னன்னு கேக்கறோம். தெரிஞ்ச மாதிரி இருக்கற வார்த்தை வந்தாத்தான் கேக்காம போயிடறோம். நாம தமிழ்ல தினமும் பேசற இங்கிலீஷ் வார்த்தை இருக்கு பாருங்க, அதுதான் அங்க நம்மள மாட்டி விடும்.

இதுக்கு எனக்கு நடந்தது பெருசா ஒண்ணு சொல்றேன். லைசென்ஸ் ரெண்டாவது தடவையில வாங்கி, வேலைக்கு சேந்து ரெண்டாவது வாரம். ஒரு குடோன்ல ரிவர்ஸ் எடுக்கறேன், குடோன்ல லோடு எறக்க வண்டிய பின்னாடி ஒட்டி நிறுத்தற எடத்துக்கு டாக்குன்னு பேரு. பின்னாடி ஒரு பையன் நின்னு கை காட்டறான். ரைட், ரைட், மோர் ரைட்னு கத்தறான். நமக்கு ரைட்டுன்னா என்ன? பஸ்ல கண்டக்டர் சொல்றது, லோடு ஏத்தும்போது கிளீனர் வண்டிய தட்டிக்கிட்டே சொல்றது, ரைட்டு ரைட்டு வா வா, அதாவது எடம் இருக்கு வந்துட்டே இருன்னு. நிறுத்தணும்னா ஹோல்டான்னு சொல்லுவான். கிளீனரா இருந்தப்ப நானே ஆயிரம் தடவ சொன்ன வார்த்தை அது. நான் ஹோல்டான் வரும்னு காத்துக்கிட்டு நேரா வந்துட்டே இருக்கேன், அவன் வலது பக்கம் வளைன்னு தொண்டை கிழிய கத்தறான், கடைசில வோ வோன்னு கத்துனான், அது ஸ்டாப்புன்னு சொல்றதுதான், அதுவும் எனக்கு அப்ப தெரியாது. மஞ்சள் பெயிண்ட் அடிச்ச இரும்புத் தூண்ல டிரெய்லர் மூலை இடிச்சு லைட்டெல்லாம் நொறுங்கிப் போச்சு. யாருக்கும் அடி இல்ல, ஆனா அந்தப் பையன் ரெண்டடி தள்ளி நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கும் நினைச்சா கை நடுங்குது. கம்பெனில ரிப்பேர் காச சம்பளத்துல புடிச்சாங்க.

அதுக்கப்புறம் நான் வெச்சுக்கிட்ட பழக்கம், ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி எறங்கிப் போய் பாக்கறது. அங்க இதுக்கே கோல்னு ஒரு பேரு இருக்கு, கெட் அவுட் அண்ட் லுக். பின்னாடி நிக்கறவன்கிட்ட போய், லெஃப்ட் ரைட் வேணாம், டிரைவர் சைடு பேசஞ்சர் சைடுன்னு சொல்லுன்னு பேசி வெச்சுக்குவேன். இதுலயும் ஒண்ணு கவனிக்கணும், நம்ம ஊருல டிரைவர் உக்கார்றது வலது பக்கம், அங்க இடது பக்கம். நாம கிளீனர் சைடுன்னு சொல்ற பக்கம்தான் அவங்களுக்கு பேசஞ்சர் சைடு, ரிவர்ஸ்ல அது கண்ணாடியில தெரியாம போறதால பிளைண்ட் சைடுன்னும் சொல்லுவாங்க. அங்க கிளீனர்னு ஒரு ஆளே கிடையாது, நீங்க மட்டும்தான்.

நம்பரும் இப்படித்தான். டாக் ஃபிஃப்டீனா ஃபிஃப்டியான்னு போன்ல கேட்டா சத்தியமா தெரியாது. ஒன் ஃபைவ், கரெக்டான்னு திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிக்கணும். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பே புரியாத எடத்துல எஸ் சார் எஸ் சார்னு தலையாட்டறது. மரியாதைக்குத்தான் பண்றோம், ஆனா கேக்கறவங்க புரிஞ்சுதுன்னு எடுத்துக்குவாங்க. கேன் யூ சே தட் எகைன், ஸ்லோலி, இந்த ஒரு வாக்கியத்த முதல்ல மனப்பாடம் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ரோட்டு போர்டுங்க பத்தி சொல்லணும்னா நம்ம மலைக்காரங்களுக்கு வேற மாதிரி குழப்பம். ஸ்டீப் கிரேடுன்னு போர்டு. கிரேடுன்னா எனக்கு டீத்தூள் கிரேடு தவிர வேற எதுவும் தெரியாது. கிரேடுன்னா ரோட்டோட சரிவு, 6 பர்சென்ட்னு போட்டிருந்தா 100 மீட்டர் போறதுக்குள்ள 6 மீட்டர் எறங்குதுன்னு அர்த்தம். டூ நாட் பாஸ்னு போட்டிருப்பான், பாஸ் வேணும்போல, இந்த ரோட்டுல போகவே கூடாது போலன்னு ஒரு எடத்துல வண்டிய ஓரங்கட்டிட்டேன், அது ஓவர்டேக் பண்ணாதன்னு அர்த்தம். இப்ப ஊட்டிக்கு வர்ற வண்டிங்களுக்கு 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்ததுல நம்ம பசங்களுக்கு இந்த குழப்பம் இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்கும். ஷோல்டர்னா தோள் இல்ல, ரோட்டோட ஓரம், வண்டி நின்னு போனா ஒதுங்கற எடம். யீல்டுன்னா வழி விடு. ஸ்கேல்னா எடை மேடை, நாம வே பிரிட்ஜுன்னு சொல்றது, அங்க விளக்கு மினுக்கிட்டு இருந்தா லாரி உள்ள போயே ஆகணும்.

அவலாஞ்ச் ஏரியா, நோ ஸ்டாப்பிங்னு முதல் தடவ பாத்தப்ப எனக்கு ஊரு ஞாபகம் வந்துச்சு, எமரால்டு தாண்டி நம்ம அவலாஞ்சி, அணை, ஏரி. அந்தப் பேரே எப்பவோ நடந்த மண்சரிவுல வந்ததுன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன், 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 900 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுன எடம். கனடாவுல அது பனிச்சரிவு, மலை மேல இருந்து பனி மொத்தமா எறங்கும், அந்த எடத்துல வண்டிய நிறுத்தி போட்டோ எடுக்கக் கூடாது. ஊரு பேரு மாதிரி இருக்கேன்னு நின்னு பாத்தா உயிரு போயிடும்.

கோகிஹாலான்னு ஒரு ஹைவே, ஹோப்ல இருந்து மெரிட், கம்லூப்ஸ் போறது, உச்சி 1,244 மீட்டர் உயரம். உயரத்துல நம்ம குன்னூரை விட கம்மிதான். ஆனா பனி. அங்க எறக்கத்துக்கு முன்னாடி பிரேக் செக்குன்னு போர்டு இருக்கும், லாரி எல்லாம் கண்டிப்பா உள்ள போய் நிறுத்தி, எறங்கி, பிரேக் பாத்துட்டுத்தான் போகணும். கொஞ்ச தூரத்துல ரன்அவே லேன்னு போர்டு, பிரேக் புடிக்காம போச்சுன்னா ஏறி நிக்கறதுக்கு ஒரு தனிப் பாதை, மேட்டுல சரளைக் கல்லு கொட்டி வெச்சிருப்பாங்க, சக்கரம் புதைஞ்சு வண்டி நின்னுடும். ரன்அவேன்னா ஓடிப் போறதுன்னு மட்டும் தெரிஞ்சவன் அந்த போர்ட பாத்து என்ன நினைப்பான்? ஆபத்துல உயிர காப்பாத்தற எடம் அது, அந்த வார்த்தை தெரியாதவனுக்கு அந்தப் பாதை இருந்தும் இல்லாத மாதிரி. பர்லியாறு எறக்கத்துல பிரேக் சூடாகி ரப்பர் கருகற வாசனை வரும் பாருங்க, அப்படி பிரேக் சூட்டுல வலுவிழந்து போறதுக்கு அங்க பிரேக் ஃபேட்னு பேரு. நாம எக்ஸாஸ்ட் பிரேக்னு ஒண்ணு போடுவோம், அங்க அந்த வேலைக்கு என்ஜின் பிரேக், பேச்சு வழக்குல ஜேக் பிரேக், ஊருக்குள்ள அத போடாதன்னு போர்டு இருக்கும், சத்தம் அதிகம்ங்கறதால. அண்ணன் சொல்லிக் குடுத்த அதே வேலைதான், லோ கியர்ல எறங்கு. அந்த எறக்கத்துல முதல் தடவ எறங்குனப்ப அவரத்தான் நினைச்சுக்கிட்டேன். அக்டோபர் 1ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் அந்த மலை ரோட்டுல லாரிக்காரன் டயருக்கு சங்கிலி வெச்சிருக்கணும், செயின்-அப் ஏரியான்னு போர்டு இருக்கற எடத்துல நிறுத்தி மாட்டிக்கலாம். பிளாக் ஐஸ்னா கறுப்பு ஐஸ் இல்ல, கண்ணுக்கே தெரியாத ஐஸ், ரோடு ஈரமா இருக்கற மாதிரிதான் தெரியும்.

2021 நவம்பர்ல அங்க பெரிய மழை, அந்த ஹைவே பல எடத்துல அடிச்சிட்டு போயிடுச்சு. டிசம்பர் 20 வாக்குலதான் லாரிங்கள மட்டும் திரும்ப விட்டாங்க. அப்ப நான் கம்லூப்ஸ் பக்கம் மாட்டிக்கிட்டேன். வாஷ்அவுட், டீட்டூர், லோக்கல் ட்ராஃபிக் ஒன்லி, இந்த மூணு வார்த்தையும் ரேடியோல மாறி மாறி வந்துச்சு. ரோடு தண்ணில அறுந்து போச்சு, மாத்துப் பாதையில போ, அந்த ஊரு ஆளுங்க மட்டும் போகலாம். 2009 நவம்பர்ல நம்ம மலையில மண்சரிவு வந்து 40 பேருக்கு மேல செத்துப் போனாங்களே, ரோடெல்லாம் துண்டு துண்டாச்சே, அந்த நாள் நினைப்புதான் வந்துச்சு, ஒரே வித்தியாசம், நம்ம ஊருல நடுவுல யாராவது நம்ம பாஷையில வழி சொன்னாங்க.

பேப்பர் விஷயம். நம்ம எல்.ஆர்., பில்டி, அதாவது சரக்கு ரசீதுக்கு அங்க பில் ஆஃப் லேடிங், பி.ஓ.எல். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எண்ணுங்க. எத்தன பேலட், அதாவது சரக்கு அடுக்கற பலகை, சீல் நம்பர் பேப்பர்ல இருக்கறதும் கதவுல இருக்கறதும் ஒண்ணா. நான் ஒரு தடவ 22 பேலட்டுன்னு போட்டிருந்த பேப்பர்ல எண்ணாம கையெழுத்து போட்டேன், எறக்குனப்ப 21தான் இருந்துச்சு. ஒண்ணு குறையுதுன்னு பேப்பர்லயே எழுத தெரிஞ்சிருந்தா, ஒன் பேலட் ஷார்ட்னு மூணு வார்த்தை, பிரச்சனையே இல்ல. நம்மள உள்ள விட்டு எண்ண விடலைன்னா ஷிப்பர் லோட் அண்ட் கவுண்ட்னு எழுதிடணும், அதாவது ஏத்துனதும் எண்ணுனதும் அனுப்பறவன், நான் பாக்கலன்னு. காத்திருந்தா வர்ற காச ஹால்டிங்னு நாம சொல்றோம், அங்க டிடென்ஷன். ரிட்டன் லோடுக்கு பேக்ஹால். டிரெய்லர் காலியா போனா டெட்ஹெட், டிரெய்லரே இல்லாம முன் வண்டி மட்டும் போனா பாப்டெயில், ரெண்டையும் நாம எம்டின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம். பாப்டெயிலா போகும்போது ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா பின்னாடி இழுத்துட்டுப் போகும், அதனால இந்த வித்தியாசம் தெரியணும்.

டூட்டிங்கற வார்த்தையும் அப்படி. ஸ்டியரிங் புடிச்சாத்தான் டூட்டின்னு நினைக்காதீங்க. பிரீ-ட்ரிப் பாக்கற நேரம், டீசல் அடிக்கற நேரம், எல்லாம் ஆன் டூட்டி, கம்ப்யூட்டர்ல பதிவாகும். கனடாவுல ஒரு நாளைக்கு 13 மணி நேரம் ஓட்டலாம், டூட்டி 14 மணி நேரம். அமெரிக்காவுல 11 மணி நேரம்தான் ஓட்டலாம். ராத்திரி பகலா மேட்டுப்பாளையம் மெட்ராஸ்னு ஓடுன பழக்கம் அங்க ஆகாது, தூக்கம் வரலைன்னாலும் நிறுத்தணும்.

அமெரிக்கா போகணும்னு கேக்கறவங்களுக்கு இதையும் சொல்லிடறேன். அங்க லாரி டிரைவர் இங்கிலீஷ் படிக்க, பேச, போர்டு புரிஞ்சுக்க, ஆபீசர் கேட்டா பதில் சொல்ல, ரிப்போர்ட் எழுதத் தெரிஞ்சிருக்கணும்னு ரொம்ப காலமாவே சட்டம் இருக்கு. 2025 ஜூன் 25ல இருந்து ரோட்டுல நிறுத்திக் கேக்கும்போது தெரியலைன்னா அவுட் ஆஃப் சர்வீஸ்னு போட்டுடறாங்க. வண்டி சர்வீஸுக்கு விட்டு வெளிய வந்துடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, நீ இனிமே இங்க இருந்து ஓட்டக் கூடாதுன்னு அர்த்தம். அதுவும் இல்லாம 2025 ஆகஸ்ட்ல வெளிநாட்டு லாரி டிரைவருங்களுக்கு வொர்க் விசா குடுக்கறத நிறுத்தி வெக்கறோம்னு அறிவிச்சாங்க, அதனால அமெரிக்கா டிரைவர் விசா ரெடியா இருக்குன்னு எவனாவது லட்சக்கணக்குல கேட்டா, தயவு செஞ்சு நகைய அடகு வெக்காதீங்க.

எப்படி கத்துக்கிட்டேன்னு கேட்டா, ஃபெயில் ஆன அடுத்த நாள்ல இருந்து தினமும் காலையில வண்டிய சுத்தி வரும்போது தொட்டுத் தொட்டு வாய் விட்டு சொன்னேன். மனசுக்குள்ள சொன்னா வேலைக்காகாது, வாய்க்கு பழகணும். வெறும் பேரு மட்டும் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம். லக் நட்ஸ், நோ ரஸ்ட், நாட் லூஸ். வீல் போல்ட்டச் சுத்தி துரு ஒழுகுன மாதிரி கோடு இருந்தா நட்டு லூஸுன்னு அர்த்தம், அது நமக்கு இங்கயே தெரியும். ஏர் லைன்ஸ், நோ லீக். டிரெய்லருக்கு ஏர் போற ஓஸ் மாட்டற எடம் கிளாட் ஹேண்ட்ஸ். டிரெய்லர கழட்டி நிறுத்த எறக்கி விடற கால் லேண்டிங் கியர். ஏர் 55 பி.எஸ்.ஐ.க்கு கீழ போறதுக்குள்ள லோ ஏர் வார்னிங் கத்தணும். இப்படி 20 நிமிஷம். வண்டில வேலை பாத்துக்கிட்டே கத்துக்கிட்டது எதுவும் மறக்கல, புக்குல படிச்சது பாதி போயிடுச்சு. ரெண்டாவது டெஸ்ட்ல அதே அம்மாதான், ட்ரெட் டெப்த்னு சொல்லும்போதே சிரிச்சுட்டாங்க.

இப்ப ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சாயங்காலம் லோடு எறக்கிட்டு வர்ற பசங்க ஆறு பேரு ஸ்டாண்டுல நிப்பாங்க, சாக்பீஸ் எடுத்து டயர்ல ட்ரெட்னு தமிழ்லயே எழுதிடுவேன், பட்டையில லீஃப் ஸ்பிரிங், பின்னாடி போற வரைக்கும். காலையில மழை அடிச்சு அழிஞ்சுடும், சாயங்காலம் பசங்களே எழுதணும். காசு எதுவும் இல்ல, டீ மட்டும் யாராவது வாங்கிக் குடுப்பாங்க.

அந்த தம்பிக்கு போன்ல தனியா ஒரு பயிற்சி. அவன் ராத்திரி மேட்டுப்பாளையம் போய் எறக்கிட்டு காலையில திரும்பி வருவான், நான் கம்பெனி ஆபீசர் மாதிரி கூப்பிட்டு, வேர் ஆர் யூன்னு கேப்பேன். நேத்து குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி ஒரு டர்னிங்ல நின்னுட்டு, ஐ ஆம் ஆன் தி ஷோல்டர், டூ கிலோமீட்டர்ஸ் பாஸ்ட் தி செக்போஸ்ட்னு அழகா சொன்னான். கோத்தகிரி பக்கம் மேல போறியா, மேட்டுப்பாளையம் பக்கம் கீழ போறியான்னு சொல்லல. அங்க நார்த்பௌண்டா சௌத்பௌண்டா, அதாவது வடக்க போறியா தெற்க போறியான்னு சொல்லலைன்னா உதவிக்கு வர்ற வண்டி நடுவுல தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிக்கும். நாளைக்கு காலையில அஞ்சு மணிக்கு திரும்ப கூப்பிடுவேன்னு சொல்லியிருக்கேன்.